காப்ரியில் ஒரு பகல்: இரண்டு பேருக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் காலை எட்டு மணிவாக்கில் கிளம்பும் வேகப் படகைப் பிடித்தால் ஒன்பதுக்கெல்லாம் காப்ரித் தீவில் இறங்கிவிடலாம். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் திரும்பும் படகு. நடுவில் எட்டரை மணி நேரம் இருக்கிறதே, தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் மேலே ஊருக்குப் போகும் ரயிலுக்கு ஒரு வரிசை, பேருந்துக்கு ஒரு வரிசை, நீலக் குகைக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், திரும்பும் படகுக்கு அரை மணி முன்னதாகவே வந்து நிற்பது என்று கழித்துக்கொண்டே வந்தால் கையில் மிஞ்சுவது நாலு மணி நேரம்தான். அந்த நாலு மணி நேரத்தை எங்கே கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நானும் கணவரும் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை ஆகஸ்ட் நடுவில், இரண்டாவது முறை மே மாதக் கடைசியில். முதல் முறை எதையும் விட்டுவிடக்கூடாது என்று ஓடினோம். எல்லாவற்றையும் பார்த்தோம், எதிலும் உட்காரவில்லை. இரண்டாவது முறை பாதியை முன்கூட்டியே விட்டுவிட்டுப் போனோம். இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவருக்குப் படகு ஆடினால் குமட்டும். எனக்கு உயரம் என்றால் கால் கூசும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்தத் தீவில் பார்க்க வேண்டியவை ஒன்று கடலில் ஆடும், இல்லையென்றால் உயரத்தில் தொங்கும். உங்கள் இருவரில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

முதலில், காப்ரிதானா?

நேப்பிள்ஸ் வளைகுடாவில் ஒரு பகலில் போய்வரக்கூடிய தீவுகள் மூன்று: காப்ரி, இஸ்கியா, ப்ரோச்சிடா. எதை எடுப்பது என்ற கேள்வி ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கே வந்திருக்கிறது. கி.மு. 29-இல் அவர் காப்ரியில் இறங்கியபோது, வாடித் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஓக் மரம் ஒன்று மறுபடி நிமிர்ந்து உயிர்பெற்றதாம். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, இஸ்கியாவை நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காப்ரியை வாங்கிக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். இஸ்கியா ஏறக்குறைய 46 சதுர கிலோமீட்டர். காப்ரி பத்தரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நாலு மடங்கு பெரிய தீவைக் கொடுத்துச் சின்னதை வாங்கியிருக்கிறார். காப்ரியை முதன்முதலாகப் படகிலிருந்து பார்க்கும்போது அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிந்துவிடும்.

மற்ற இரண்டும் எரிமலைத் தீவுகள். காப்ரி சுண்ணாம்புக்கல். எதிரே தெரியும் சொரெண்டோ தீபகற்பத்தின் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, மறுபடி தலைதூக்கிய துண்டு இது. அதனால்தான் சுவர்போல் செங்குத்தாக நிற்கும் வெள்ளைப் பாறைகளும், அவற்றின் அடியில் கடல் குடைந்த குகைகளும், அடிமணல் தெரியும் நீல நீரும் இங்கே இருக்கின்றன.

இஸ்கியாவுக்குப் போவதென்றால் வெந்நீர் ஊற்றுகளுக்காகப் போக வேண்டும். ஊற்று நீரைப் பல குளங்களாகப் பிரித்து, தோட்டங்களுக்கு நடுவே வைத்திருக்கும் பூங்காக்கள் அங்கே இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் நெகோம்போ! இலங்கையின் நீர்கொழும்பைப் பார்த்துவிட்டு வந்த ஓர் இத்தாலியப் பிரபு, இந்த விரிகுடாவும் அதைப் போலவே இருக்கிறது என்று வைத்த பெயர். அந்த மாதிரி ஓர் இடத்தில் காலையில் நுழைந்து மாலையில் வெளியே வந்தால் அது ஒரு நல்ல நாள். ஓடியாடிப் பார்ப்பதற்குரிய தீவு அல்ல அது. வேலை அலுப்பில் வந்திருக்கும் தம்பதிக்கு நான் காப்ரியைவிட இஸ்கியாவைத்தான் சொல்வேன்.

ப்ரோச்சிடா மூன்றிலும் சின்னது, நான்கு சதுர கிலோமீட்டர். 2022-இல் இத்தாலியின் கலாச்சாரத் தலைநகராக இருந்தது. கொரிச்செல்லா என்ற மீனவர் குடியிருப்பில் வீடுகள் மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். அதன் கீழே வலைகள் காயும். வண்டி உள்ளே வராது. தடித்த தோல் எலுமிச்சையை வெள்ளைச் சதையோடு நறுக்கி, புதினாவும் மிளகாயும் எண்ணெயும் விட்டுப் பிசறி ஒரு சாலட் தருவார்கள். நம் நாக்குக்கு ரொம்பப் பிடிக்கும். செலவும் கூட்டமும் மூன்றிலும் இங்கேதான் குறைவு. வேகப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அப்படியானால் காப்ரி எதற்கு? இந்தப் பக்கம் மறுபடி வருவோமோ என்னவோ என்ற நிலையில் இருப்பவர்கள் காப்ரிக்கே போங்கள். அந்த உயரமும் அந்த நீலமும் மற்ற இரண்டில் இல்லை. ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும், கூட்டம் என்றால் இருவருக்கும் ஆகாது என்றால் மட்டும் யோசிக்காமல் ப்ரோச்சிடாவுக்குப் போய்விடுங்கள். காப்ரியில் வசிப்பவர்கள் 14,000 பேருக்கும் குறைவு. கோடையில் சில நாட்களில் அதைவிட அதிகமான பேர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். 2024 ஜூனில் கரையிலிருந்து வரும் குடிநீர்க் குழாயில் கோளாறு என்றதும், பயணிகள் யாரும் இறங்கக்கூடாது என்று மேயர் தடையே போட்டார். அன்றைக்கே சரியாகி, தடை நீங்கியது. அந்தச் சின்ன ஊர் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பதற்கு இது போதும்.

எங்கிருந்து கிளம்புவது

ரோமிலிருந்தே காலையில் கிளம்பி இரவு திரும்பும் சுற்றுலாக்கள் விற்கிறார்கள். வேண்டாம். விரைவு ரயிலில் நேப்பிள்ஸ் ஒன்றேகால் மணி நேரம்தான் என்றாலும், நிலையத்திலிருந்து துறைமுகம், அங்கிருந்து படகு என்று சேர்ந்தால் தீவில் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும்.

உண்மையான போட்டி நேப்பிள்ஸுக்கும் சொரெண்டோவுக்கும்தான். நேப்பிள்ஸில் மோலோ பெவெரெல்லோ துறையிலிருந்து வேகப் படகு ஐம்பது நிமிடம். முனிச்சீப்பியோ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். சொரெண்டோவிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதனால் சொரெண்டோவே மேல் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே தங்கியிருப்பவர்களுக்கு அது சரி. நேப்பிள்ஸில் அறை எடுத்துவிட்டு, காலையில் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நெருக்கியடித்துச் சொரெண்டோ போய், அங்கிருந்து துறைமுகத்துக்குக் கீழே இறங்கிப் படகு பிடிப்பது வீண் அலைச்சல். தங்கியிருக்கும் ஊரிலிருந்தே கிளம்புங்கள்.

வேகப் படகா, மெதுவான கப்பலா என்பது இன்னொரு தேர்வு. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எங்களுக்கு இதுதான் நாளையே மாற்றியது. வேகப் படகு மூடிய பெட்டி. இருக்கையில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அலை கொஞ்சம் எழும்பினாலும் தட்டித் தட்டிப் போகும். ஆகஸ்டில் அவர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஐம்பது நிமிடத்தையும் கடந்தார். இறங்கியபிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை. மே மாதம் கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா துறையிலிருந்து கிளம்பும் பெரிய கப்பலில் போனோம். ஒன்றரை மணி நேரம் ஆகும். திறந்த மேல்தளம், காற்று, பின்னால் வெசுவியஸ் மலை சின்னதாகிக்கொண்டே போவது தெரியும். டிக்கெட்டும் மலிவு. நாற்பது நிமிடம் அதிகமாகப் போனது, ஆனால் இறங்கும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. இருவரில் ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் யோசிக்காமல் கப்பலில் போங்கள்.

இறங்கிய முதல் பத்து நிமிடம்

மரீனா கிராண்டே துறைமுகத்தில் படகு காலியானதும் எல்லோரும் ஒரே பக்கம் நடப்பார்கள். 1907 முதல் ஓடும் சரிவு ரயில் அங்கே இருக்கிறது. சில நிமிடங்களில் காப்ரி ஊரின் நடுச் சதுக்கமான பியாட்செட்டாவில் கொண்டுபோய் விட்டுவிடும். ரயில் நல்ல வசதிதான். ஆனால் ஒன்பதரை முதல் மதியம் வரை தீவுக்கு வரும் கூட்டம் முழுவதும் அந்த ரயிலில் ஏறி அந்தச் சதுக்கத்தில்தான் போய் நிற்கிறது.

நீங்கள் மறுபக்கம் போங்கள். மேலே இருக்கும் இன்னொரு ஊரான அனகாப்ரிக்குத் துறைமுகத்திலிருந்தே சின்னப் பேருந்து போகிறது. பெயரிலேயே 'மேல் காப்ரி' என்ற பொருள் இருக்கிறது. 1870-களில் சாலை வரும்வரை கீழேயிருந்து அங்கே போக 921 கல்படிகள்தான் வழி. இப்போதைய சாலை பாறைச் சுவரில் ஒட்டவைத்த தட்டுப் போல இருக்கும். எதிரே இன்னொரு பேருந்து வந்தால் இரண்டுக்கும் நடுவே கையை நுழைக்கக்கூட இடமிருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் சக்கரத்துக்குக் கீழே நேராகக் கடல் தெரியும். நான் உள்பக்கம் உட்கார்ந்து அவர் தோளைப் பார்த்துக்கொண்டே போனேன். கூரை திறந்த நீளமான டாக்ஸிகளும் நிற்கும். அழகாக இருக்கும், விலை அதைவிட அதிகமாக இருக்கும். பேருந்துக்குப் பெரிய வரிசை நின்று, பக்கத்தில் பேசிச் சேர இன்னொரு தம்பதி கிடைத்தால் டாக்ஸியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அனகாப்ரியில் காலைப் பொழுதைக் கழித்துவிட்டு, கூட்டம் கலையத் தொடங்கும் மூன்று மணிக்குமேல் காப்ரி ஊருக்கு இறங்குவது. இந்த ஒரு மாற்றம்தான் எங்கள் இரண்டாவது பயணத்தைக் காப்பாற்றியது.

நீலக் குகையா, படகுச் சுற்றா, சொலாரோ மலையா?

பெரிய தேர்வு இதுதான். நாலு மணி நேரத்தில் இந்த மூன்றில் இரண்டைத்தான் நிதானமாகச் செய்ய முடியும்.

நீலக் குகையில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதற்காகத்தான் வருகிறார்கள். 1826-இல் அகஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியரும் அவருடைய ஓவிய நண்பரும், ஆஞ்செலோ ஃபெர்ராரோ என்ற உள்ளூர் மீனவரோடு அதற்குள் நுழைந்தார்கள். அதுவரை ஊர்க்காரர்கள் பேய் பிசாசு இருக்கும் இடம் என்று அந்தப் பக்கமே போகமாட்டார்களாம். அதன்பிறகுதான் உலகத்துக்கு அது தெரியவந்தது. ரோமர்களுக்கு முன்பே தெரியும். 1964-இல் குகையின் அடியிலிருந்து கடல் தெய்வங்களின் ரோமானியச் சிலைகளை எடுத்தார்கள். அவை இப்போது அனகாப்ரியில் காசா ரோஸ்ஸா என்ற சிவப்புக் கட்டடத்தில் இருக்கின்றன.

குகைவாய் நீர்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர்தான். நாலைந்து பேர் உட்காரும் துடுப்புப் படகில், எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தமாதிரி மல்லாந்து படுக்க வேண்டும். படகோட்டி பாறையில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் அந்த நொடிக்காகக் காத்திருப்பார். தாழ்ந்ததும் ஒரே இழுப்பு. மூக்குக்கு ஒரு சாண் மேலே கல் போகும். கண்ணைத் திறந்தால் இருட்டு. அந்த இருட்டுக்குக் கீழே தண்ணீர் மட்டும் விளக்கேற்றிய மாதிரி இருக்கும். மேலே தெரியும் வாய் சின்னதுதான், நீருக்கு அடியில் அதைவிடப் பெரிய திறப்பு ஒன்று இருக்கிறது. வெயில் அந்த வழியாகத் தண்ணீருக்குள் புகுந்து வருகிறது. வரும் வழியில் சிவப்பையெல்லாம் தண்ணீர் குடித்துவிட, நீலம் மட்டும் உள்ளே வந்து அடியிலிருந்து ஒளிர்கிறது. துடுப்பு நீரைத் தொடும் இடத்தில் வெள்ளி உருக்கி ஊற்றியதுபோல் குமிழிகள் மின்னும். என் வாழ்நாளில் பார்த்த நிறங்களில் அது ஒன்று. இதில் சந்தேகமே இல்லை.

அந்த அழகு ஐந்து நிமிடம். அதற்கு நாங்கள் கொடுத்தது ஒன்றே முக்கால் மணி நேரம். மரீனா கிராண்டேயிலிருந்து மோட்டார் படகில் கூட்டிப்போய், குகைக்கு வெளியே மற்ற படகுகளோடு மிதக்கவிட்டு, முறை வரும்போது துடுப்புப் படகுக்கு மாற்றுவார்கள். எஞ்சினை நிறுத்திய படகு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். உச்சி வெயில், டீசல் வாசம். அவருடைய நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை. நுழைவும் துடுப்புப் படகும் சேர்த்து ஆளுக்கு 18 யூரோ. மோட்டார் படகுக்கு ஏறக்குறைய அதே அளவு தனி. பாடிக்கொண்டே துடுப்புப் போடுபவருக்கு இனாம் வேறு.

இன்னொன்றும் நடந்தது. மே மாதம் துறைமுகக் கவுண்டர் ஒன்றில் குகையும் சேர்ந்த டிக்கெட்டை எங்களிடம் விற்கப் பார்த்தார்கள். அன்று காலை முதலே அலை அதிகம் என்று குகையை மூடிவைத்திருந்தார்கள் என்பதைப் பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த வேறொரு படகோட்டிதான் சைகையில் சொன்னார். கடல் கொஞ்சம் எழும்பினாலே மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் பல நாள் மூடித்தான் கிடக்கும். பணம் கொடுக்குமுன் "க்ரோத்தா அப்பெர்த்தா?" என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். குகை திறந்திருக்கிறதா என்று பொருள்.

குகையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அனகாப்ரியிலிருந்து பேருந்தில் போய், படியிறங்கிப் பாறை மேடையில் வரிசை நில்லுங்கள். மோட்டார் படகுக் காசும் மிச்சம், காத்திருக்கும்போது காலடியில் தரையும் இருக்கும். நண்பகலை ஒட்டித்தான் ஒளி நன்றாக இருக்கும் என்பதால் கூட்டமும் அப்போதுதான். காலையில் திறந்ததுமே போனால் நீலம் கொஞ்சம் மங்கல், வரிசை பாதி. நான் இரண்டாவதையே எடுப்பேன்.

சரி, சொலாரோ மலை. 589 மீட்டர், தீவின் உச்சி. அனகாப்ரி சதுக்கத்திலிருந்து 1952 முதல் ஓடும் நாற்காலி விஞ்ச் ஒன்று பதின்மூன்று நிமிடத்தில் மேலே கொண்டுபோகிறது. போக வர ஆளுக்குப் பதினைந்து யூரோவுக்குள்தான் கொடுத்தோம். ஜோடியாகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது ஒற்றை நாற்காலி. கையைப் பிடித்துக்கொண்டு போக வழியில்லை. தரையில் குறித்த இடத்தில் நின்றால் நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்கால் மடிப்பில் தட்டும், உட்கார வேண்டியதுதான், ஒரு கம்பி முன்னால் விழும்.

எனக்கு உயரம் ஆகாது என்றேனே. ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பின்னால் இருந்த நாற்காலியிலிருந்து அவர், "கீழ பாரு, தோட்டம்தான். விழுந்தாகூட தக்காளிச் செடியிலதான் விழுவ" என்றார். பார்த்தேன். கால் செருப்புக்குக் கீழே இரண்டு மூன்று ஆள் உயரத்தில் காய்கறிப் பாத்திகள், திராட்சைக் கொடி, காயப்போட்ட துணி, யாரோ ஒரு பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் களை பறித்துக்கொண்டிருந்தார். மலைச் சரிவை ஒட்டியே போவதால், நான் பயந்த உயரம் வழி நெடுகப் பெரிதாக இல்லை. சத்தமே கிடையாது. பாதி வழியில் கம்பியை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

மேலே போனால் ஒரு பக்கம் வெசுவியஸும் வளைகுடா முழுவதும், இன்னொரு பக்கம் அமால்ஃபிக் கரை, காலடியில் கடலில் நிற்கும் ஃபராலியோனிப் பாறைகள். அங்கே யாரும் உங்களைக் கிளம்பச் சொல்லமாட்டார்கள். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். கீழே வெயில் அடிக்கும்போதே உச்சியில் மேகம் போர்த்தியிருக்கும் நாட்கள் உண்டு. அப்படித் தெரிந்தால் ஏறாதீர்கள், வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. இறங்கும்போது விஞ்சை விட்டுவிட்டு நடந்தும் வரலாம், ஒரு மணி நேரம் ஆகும், நல்ல காலணி வேண்டும்.

மூன்றாவது, தீவைச் சுற்றும் படகு. மற்றவர்களோடு சேர்ந்து போனால் ஒரு மணி நேரச் சுற்றுக்கு ஆளுக்கு இருபது, இருபத்தைந்து யூரோ. இருவருக்கு மட்டும் படகோட்டியோடு மரப்படகு எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு இருநூறு யூரோவுக்கு மேல் ஆகும். சேர்ந்து போகும் படகில் காணக் கிடைப்பதும் அதே பாறை, அதே குகைகள்தான். தனிப்படகின் லாபம், நடுவில் நிறுத்திக் கடலில் குதிக்கலாம். இருவருக்கும் நீச்சல் தெரியும், ஏதாவது விசேஷ நாள் என்றால் அந்தச் செலவு தகும். மற்றபடி வேண்டியதில்லை.

சுற்றில் எல்லோரும் காத்திருப்பது ஃபராலியோனிக்குத்தான். மூன்று பாறைகள், கரையோடு ஒட்டியது 109 மீட்டர் உயரம். நடுப்பாறையின் அடியில் இயற்கையான வளைவு ஒன்று, படகு அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும். நுழையும்போது ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்பது இங்கே வழக்கம். படகோட்டி முன்னதாகவே கத்திச் சொல்லிவிடுவார். வெளிப்பாறையில் மட்டும் நீல நிறப் பல்லி இனம் ஒன்று வாழ்கிறது. வேறெங்கும் அந்த நீலம் கிடையாதாம். படகிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் எல்லோரும் தேடுகிறோம்.

என் முடிவு இது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் சொலாரோவும் படகுச் சுற்றும். கடல் எழும்பியிருந்தால் சொலாரோவும் நடையும். நீலக் குகையை முதல் பயணத்தில் விடச் சொல்ல எனக்கே மனம் வலிக்கிறது, ஆனால் ஒரு பகல்தான் என்றால் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிட நீலத்துக்காக உச்சியில் உட்காரும் ஒரு மணி நேரத்தை நான் இனி கொடுக்கமாட்டேன். இருவரில் ஒருவர் சின்ன வயதிலிருந்து அந்தக் குகைப் படத்தைப் பார்த்து ஏங்கியவர் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, குகைக்கே போங்கள்.

பேரரசரின் மாளிகையா, மருத்துவரின் வீடா?

மிச்ச நேரத்தில் ஒன்றுதான் முடியும். திபேரியஸ் பேரரசர் கி.பி. 27 முதல் 37 வரை காப்ரியில் இருந்துகொண்டே ரோமை ஆண்டார். அவருடைய வில்லா யோவிஸ் தீவின் கிழக்கு முனையில், 334 மீட்டர் உயரத்தில் இடிபாடாக நிற்கிறது. பியாட்செட்டாவிலிருந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். வரலாற்றில் ஆசை உள்ளவர்களுக்கு அந்த நடை தகும், மற்றவர்களுக்குச் சுவர்களும் மழைநீர்த் தொட்டிகளும்தான் தெரியும்.

அனகாப்ரியில் வில்லா சான் மிக்கேலே சதுக்கத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள். ஆக்ஸல் முந்தே என்ற ஸ்வீடன் மருத்துவர் கட்டிய வீடு. கொடிப்பந்தலுக்கு அடியில் நடந்து தோட்டத்தின் கோடிக்குப் போனால், கைப்பிடிச் சுவர்மேல் கல் ஸ்ஃபிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) ஒன்று நமக்கு முதுகைக் காட்டி, கீழே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். ஒரு பகலுக்கு இதுதான் சரி. அனகாப்ரியிலேயே இருக்கும் சான் மிக்கேலே தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். அதன் தரை முழுவதும் 1761-ஆம் ஆண்டின் வண்ண ஓடுகள், ஏதேன் தோட்டத்திலிருந்து ஆதாமும் ஏவாளும் வெளியேற்றப்படும் காட்சி, சுற்றிலும் விலங்குகளும் பறவைகளும். மிதிக்கக்கூடாது என்பதால் சுவரோரம் பலகைமேல் நடந்து, குறுகிய சுழல்படி ஏறி மேலிருந்து பார்க்க வேண்டும். கால் மணி நேரம் போதும்.

சாப்பாடு, கொஞ்சம் காசு விஷயம்

சைவம் சாப்பிடுபவர்களுக்கு காப்ரி சிரமமே இல்லாத ஊர். தக்காளி, மொஸரெல்லா, துளசியைப் போன்ற பேசில் சேர்ந்த சாலட் இந்தத் தீவின் பெயரிலேயே உலகமெங்கும் போகிறது. சீஸும் மருவும் வைத்த காப்ரி ரவியோலியிலும் இறைச்சி கிடையாது, ஆனால் உள்ளே முட்டை சேர்ப்பதுண்டு. பாதாம் சாக்லேட் கேக்கில் மைதா கிடையாது, முட்டை உண்டு. சதுக்கத்து மேசைகளில் உட்கார்ந்தால் ஒரு காபிக்கே கை கடிக்கும், அதே காபியைக் கடைக்குள் மேடையருகே நின்று குடித்தால் பாதிக்கும் குறைவு. மதியச் சாப்பாட்டை அனகாப்ரியின் உள்தெருக்களில் முடியுங்கள்.

வாங்குவதென்றால் செருப்பு. பட்டையையும் கல்லையும் நாமே தேர்ந்தெடுக்க, பாதத்தை அடித்தோலின்மேல் வைத்துப் பார்த்து, அங்கேயே தைத்தும் அடித்தும் கொடுக்கிறார்கள். என் வலது கால் இடதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதை அந்தக் கைவினைஞர் பார்த்ததுமே கண்டுபிடித்துப் பட்டையைத் தளர்த்தினார். மூன்று வருடமாக அந்தச் செருப்பைத்தான் போடுகிறேன்.

மூன்று மணிக்குமேல்

காப்ரி ஊருக்கு இறங்கியதும் இரண்டு வழி. ஒன்று அகஸ்டஸ் தோட்டம் பக்கம், நுழைவுக் கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். 1902-இல் முடித்த 'வியா க்ருப்' என்ற பாதை மலைச்சுவரில் பாம்புபோல் மடிந்து மடிந்து இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். தமிழில் பலரும் படித்து வளர்ந்த மக்ஸிம் கார்க்கி 1906 முதல் 1913 வரை இந்தத் தீவில்தான் வாழ்ந்தார். 1908-இல் லெனின் அவரைப் பார்க்க வந்து சதுரங்கம் ஆடிய புகைப்படம் இருக்கிறது. லெனினுக்கு ஒரு நினைவுத்தூணும் தோட்டத்தருகே இருக்கிறது. இதற்காகவே அங்கே போக நினைப்பவர்கள் நம்மில் இருப்பார்கள்.

நாங்கள் எடுத்தது மற்ற வழி, த்ராகாரா தெரு. இருபது நிமிடம், பெரும்பாலும் சமதரை, மதில்களுக்குமேல் போகன்வில்லா. முடியும் இடத்தில் ஃபராலியோனி எதிரே நிற்கும். காலையில் உச்சியிலிருந்து விரல்நுனி அளவு பார்த்த பாறைகள் அங்கே முகத்துக்கு நேராக இருக்கும். பெஞ்சு கிடைத்தது, நான் பையிலிருந்த ஆரஞ்சை உரித்தேன். ஐந்து மணிக்கு அங்கே எங்களோடு இருந்தவர்கள் ஆறேழு பேர்தான்.

திரும்பும்போது சரிவு ரயிலுக்கு மறுபடி நீண்ட வரிசை இருக்கும், படகு நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே அங்கே வந்துவிடுங்கள். மாலையிலும் கப்பலில்தான் போகப்போகிறீர்கள் என்றால், அதன் கடைசிப் புறப்பாடு வேகப் படகுகளுக்கு முன்பே முடிந்துவிடும் நாட்கள் உண்டு. காலையில் இறங்கியதுமே துறைமுகத்தில் ஒட்டியிருக்கும் நேரப் பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.